மேல் நிலத்து மண் உங்கள் நிலத்துக்கு வந்தால்: நீலகிரியில் புகார் கொடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரியில் சரிவில் நிலம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு மேலே இருக்கும் நிலத்தை ஒருவர் பொக்லைன் விட்டு வெட்டி மட்டமாக்குகிறார். வெட்டிய மண்ணை அப்படியே சரிவில் தள்ளிவிடுகிறார். மழை பிடித்ததும் அது உங்கள் தேயிலைக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் ஊர் ஓடைக்குள்ளும் இறங்குகிறது. அப்போது யாரிடம் போவது, என்ன காகிதம் கொண்டு போவது, எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவாகும் என்பதையெல்லாம் இங்கே சொல்கிறேன். கொடைக்கானல், ஏற்காடு பக்கத்துக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எங்கள் தோட்டத்துக்கு மேலே இது நடந்தபோது பல அலுவலகங்களுக்கு அலைந்தேன். அதில் தெரிந்துகொண்ட முக்கியமான விஷயம் ஒன்றுதான். "மேலேயிருந்து மண் வருகிறது, நடவடிக்கை எடுங்கள்" என்று எழுதும் மனு நகராது. அலுவலர் பார்வையில் அது இரண்டு வீட்டுக்காரர் சண்டை. "இந்தச் சர்வே எண்ணில் இந்த அனுமதி இல்லாமல் வேலை நடக்கிறது" என்று எழுதினால் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்த ஒரு வரியை எழுதும் நிலைக்கு உங்களைக் கொண்டுவருவதற்காகத்தான்.

1. மழைக்கு முன்னால் தொடங்குங்கள்

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை அடித்து ஊற்றும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கவலை. மண் வெட்டும் வேலையோ கோடையில் நடக்கும். வேலை நடக்கும்போதே மனு கொடுத்தால் மழைக்குள் ஏதாவது ஓர் உத்தரவு வாங்கிவிடலாம். மண் இறங்கிய பிறகு கொடுத்தால், "ஈரம் காயட்டும், பார்க்கிறோம்" என்பார்கள்.

சனி, ஞாயிறு, தொடர் விடுமுறை நாட்களில் கண் வையுங்கள். அனுமதி இல்லாத வேலைக்கு அலுவலகம் பூட்டியிருக்கும் நாள்தான் வசதி. அந்த நேரத்தில் சரிவு விரிசல் விட்டாலோ வீட்டுச் சுவரோரம் மண் சரிந்தாலோ மனு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். 1077-க்குப் போன் செய்யுங்கள். அது மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை.

நிலத்துக்காரரிடம் முதலில் பேசிப் பார்ப்பது நல்லதுதான். "அடுத்த வாரம் சுவர் கட்டிவிடுகிறேன்" என்றால் சரி என்று சொல்லிவிட்டு, அன்றே அதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அவருக்கு அனுப்பி வையுங்கள். பிறகு அது காகிதமாக உதவும்.

2. சர்வே எண்ணைச் சரியாகப் பிடியுங்கள்

பெரும்பாலான மனுக்கள் விழும் முதல் குழி இது. மலையில் எல்லை நேர்க்கோட்டில் போகாது. நீங்கள் 112/3 என்று எழுதியிருப்பீர்கள். வெட்டு நடப்பது 112/4-இல் இருக்கும். கிராம நிர்வாக அலுவலர் 112/3-ஐப் பார்த்துவிட்டு, "புகாரில் கண்டவாறு எதுவும் இல்லை" என்று அறிக்கை கொடுத்துவிடுவார். அறிக்கை பொய்யில்லை, ஆனால் உங்கள் மனு அதோடு முடிந்தது.

அரசின் இ-சேவை இணையதளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமப் பதிவேடு), புலப்படம் (நில எல்லையைக் காட்டும் வரைபடம்) எல்லாவற்றையும் பார்க்கலாம். உங்கள் நிலத்துக்கு, மேல் நிலத்துக்கு, நடுவில் ஓடை போனால் அந்த ஓடைக்கு என மூன்றுக்கும் எடுத்து வையுங்கள். அ-பதிவேட்டில் ஓடை "புறம்போக்கு" என்று இருந்தால் உங்கள் கை ஓங்குகிறது. அரசு நிலத்தில் மண்ணைக் கொட்டியதாக ஆகிவிடுவதால், 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் வட்டாட்சியரே நோட்டீஸ் கொடுக்கலாம். எல்லையில் சந்தேகம் இருந்தால் பணம் கட்டி நில அளவைக்கு விண்ணப்பியுங்கள். சர்வேயர் வரத் தாமதமாகும், அதனால் இதை மற்ற வேலைகளோடு சேர்த்தே ஓட்டுங்கள்.

கூடலூர், பந்தலூரில் ஜென்ம நிலச் சிக்கலால் (பழைய ஜமீன் போன்ற ஜென்மி உரிமை நிலங்கள்) பட்டா இல்லாமல் அனுபவத்தில் இருப்பவர்கள் பலர். அனுமதி இல்லாத வேலையைப் பற்றிப் புகார் சொல்லப் பட்டா தேவையில்லை, வழிப்போக்கர்கூடச் சொல்லலாம். நீதிமன்றத்துக்குப் போகும்போதுதான் அனுபவத்துக்கான சான்று கேட்பார்கள்.

3. ஆதாரம் சேருங்கள்

படம் எடுப்பது எல்லோருக்கும் தெரியும். எதை எடுப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறோம். சேற்றை மட்டும் கிட்டத்தில் எடுத்த படம் எந்த ஊர்ச் சேறாகவும் இருக்கலாம். மேலே வெட்டிய இடம், நடுவில் மண் இறங்கிய தாரை, கீழே உங்கள் நிலம் மூன்றும் ஒரே சட்டத்தில் தெரிவது போல் ஒரு படம் கட்டாயம் வேண்டும். உங்கள் நிலத்திலிருந்தோ பொதுச் சாலையிலிருந்தோ எடுங்கள். அவர் நிலத்துக்குள் போய் எடுத்தால் அத்துமீறல் புகார் உங்கள் மேலேயே வரும்.

மண் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதற்கு ஓர் அளவுகோலைத் தேயிலைச் செடியின் அடித்தண்டு ஓரமாக நட்டுப் படம் எடுங்கள். ஓடைத் தண்ணீருக்கு இன்னும் எளிய வழி உண்டு. நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் மழையன்று வெட்டுக்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில் எனப் பிடியுங்கள். தேதி, நேரம், இடம் எழுதி ஒட்டி அசையாமல் வைத்துவிடுங்கள். மறுநாள் காலை ஒன்றில் அடியில் மெல்லிய படலம் இருக்கும். மற்றதில் விரல் தடிமனுக்கு மண் படிந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாதுதான். ஆனால், "ஓடை எப்போதுமே கலங்கித்தானே வரும்" என்ற பேச்சை அந்தப் படம் நிறுத்திவிடும். அன்றைய மழை அளவையும் குறித்து வையுங்கள். மாவட்ட நிர்வாகம் தினமும் மில்லிமீட்டரில் வெளியிடும். பக்கத்து எஸ்டேட்டிலும் பெரும்பாலும் அளப்பார்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். அதில் அனுப்பியது சுருங்கிப்போகும், எடுத்த நேரமும் இடமும் கோப்பிலிருந்து போய்விடும். போனில் எடுத்த படத்தை நீதிமன்றத்தில் காட்ட, பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதன் ஒரு பகுதியில் நீங்களும் இன்னொரு பகுதியில் நிபுணர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். மூலக் கோப்பு இல்லாமல் அந்தச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு.

4. எந்த அனுமதி இல்லை என்று கண்டுபிடியுங்கள்

சரிவை வெட்டி மட்டமாக்குபவர் பொதுவாக இவற்றில் ஒன்றில் மாட்டுவார்:

பொக்லைன், ஜேசிபி அனுமதி. நீலகிரியில் மண் வெட்டும் இயந்திரங்களை ஓட்ட மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். எளிதில் சரிபார்க்கக்கூடியது என்பதால் இதிலிருந்து தொடங்குங்கள்.

மரம். 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் மரம் வெட்டுவதோடு மலைநிலச் சாகுபடியையும் முறைப்படுத்துகிறது. சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும் அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த குழுவின் அனுமதி வேண்டும். வெட்டிய அடிக்கட்டைகளைப் படம் எடுத்து வையுங்கள். அவை சீக்கிரம் காணாமல் போகும்.

மண் வெளியே போவது. லாரியில் மண் போனால் அது கனிமம். புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் அனுமதியும் நடைச்சீட்டும் (மண்ணை ஏற்றிச் செல்வதற்கான சீட்டு) இல்லாமல் போனால் வண்டியையே பிடிக்கலாம். வண்டி எண்ணும் நேரமும் இருந்தால் போதும்.

கட்டட அனுமதி. நீலகிரிக் கிராமங்கள் மலையிடப் பாதுகாப்பு ஆணையத்தின் (ஹாகா, HACA) வரம்பில் வருகின்றன. கட்டடத்துக்கோ மனைப் பிரிவுக்கோ உள்ளாட்சி அனுமதி மட்டும் போதாது. வேளாண் பொறியியல் துறை, வனத்துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள்.

இந்தத் தடையின்மைச் சான்றைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அனுமதியே இல்லை என்றால் வேலை எளிது. ஆனால், "என்னிடம் எல்லாப் பேப்பரும் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் பலரும் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். அந்தச் சான்றுகள் வெறுமனே "ஆட்சேபணை இல்லை" என்று முடிவதில்லை. தடுப்புச்சுவர் கட்ட வேண்டும், மழைநீர் வடிகால் அமைக்க வேண்டும், வெட்டிய மண்ணை ஓடையில் தள்ளக் கூடாது என்று நிபந்தனைகள் இருக்கும். நிபந்தனையை மீறினால் அனுமதியே ஆட்டம் காணும். உங்களுக்கு வேண்டியது அந்த நிபந்தனைப் பக்கம்தான்.

5. தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்

கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தால் கட்டணமில்லை. பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் கிடையாது. அதிலும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம்.

கேள்வி கேட்காதீர்கள், நகல் கேளுங்கள். "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?" என்றால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். "சர்வே எண் இன்னதில் மண் அகழ, கட்டடம் கட்ட வழங்கிய அனுமதி, அதனுடன் இணைந்த தடையின்மைச் சான்றுகள், நிபந்தனைகள், தள ஆய்வு அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்" என்று எழுதுங்கள். அனுமதி எதுவும் வழங்கப்படவில்லை என்றால் அதையே எழுத்தில் தரும்படி கடைசி வரியில் சேருங்கள். "அவ்வாறான ஆவணம் எதுவும் இல்லை" என்று கையெழுத்தோடு வரும் ஒற்றை வரிப் பதிலைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

இன்னொரு வழி கோப்பை நேரில் பார்ப்பது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. எதைக் கேட்பது என்று தெரியாதவர்கள் முதலில் கோப்பைப் பார்த்து, வேண்டிய பக்கங்களை மட்டும் நகல் எடுக்கலாம்.

மூன்றாம் நபர் தகவல் என்று சொல்லி நிலத்துக்காரரின் கருத்தைக் கேட்டால் இன்னும் 10 நாள் கூடும். அவர் ஆட்சேபித்தாலே மறுக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. மறுத்தால் மேல்முறையீட்டில் இதைச் சொல்லுங்கள்.

6. மனு எழுதும் முறை

ஒரே மனுவில் ஆட்சியர், வனத்துறை, சுரங்கத்துறை, ஊராட்சி என்று எல்லோரையும் "பெறுநர்" ஆக்குவது ஒரு வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து வேண்டாம். ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு அனுப்பிவிட்டுக் கோப்பை முடித்துவிடுவார்கள். அந்தந்தத் துறைக்கு அந்தந்த மீறலை மட்டும் சொல்லித் தனித்தனி மனு கொடுங்கள். நடுப்பகுதி இப்படி இருக்கட்டும்:

"…… கிராமம், சர்வே எண் ……-இல் …… தேதி முதல் பொக்லைன் கொண்டு சரிவு வெட்டப்படுகிறது. வெட்டிய மண் சர்வே எண் …… ஓடைப் புறம்போக்கில் தள்ளப்பட்டுள்ளது. இவ்வேலைக்கு அனுமதி உள்ளதா எனச் சரிபார்த்து, இல்லையெனில் உடனே நிறுத்தவும், ஓடையில் உள்ள மண்ணை நில உரிமையாளர் செலவில் அகற்றவும், மழைக்கு முன் சரிவில் தடுப்பு அமைக்கவும் உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறேன்."

"தக்க நடவடிக்கை" என்று எழுதினால், ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூடத் தக்க நடவடிக்கைதான். நிறுத்துவது, அகற்றுவது, தடுப்பது மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

தடுப்பு என்றால் என்ன என்பதையும் நீங்களே எழுதிவிடுவது நல்லது. வெட்டுக்கு மேல் விளிம்பில் மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்கால், திறந்து கிடக்கும் மண்ணுக்குத் தென்னை நார் விரிப்பு, அடிவாரத்தில் மண்ணைப் பிடிக்கும் தடுப்பு, நிரந்தரமாக நீர்க்கசிவுத் துளைகள் வைத்த தடுப்புச்சுவர். துளை இல்லாத சுவரைச் சிலர் அவசரமாக எழுப்பிக் காட்டுவார்கள். பின்னால் தண்ணீர் தேங்கி, அந்த அழுத்தத்தில் சுவரே உங்கள் பக்கம் சாயும். சுவர் இல்லாமலிருப்பதைவிட அது ஆபத்து. அதனால் வேளாண் பொறியியல் துறையின் கருத்தைப் பெற்றே தடுப்பு அமைக்க வேண்டும் என்றும் கேளுங்கள். வெட்டிவேர் நடுகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்; நல்ல செடி. ஆனால் வேர் பிடிக்க மாதங்கள் ஆகும், இந்த வருட மழைக்கு அது பதிலில்லை.

மனுவைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். முதலமைச்சர் உதவி மைய எண்ணான 1100-இலும் பதியலாம். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். தபாலில் அனுப்பினால், ரிஜிஸ்டர் தபால் இப்போது ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டதால், ஸ்பீடு போஸ்டில் சேர்ப்புச் சான்றோடு அனுப்புங்கள்.

அப்புறம், போன் வரும். "உங்கள் மனு விசாரிக்கப்பட்டது, திருப்திதானே?" என்பார்கள். மரியாதைக்கு "சரிங்க" என்று சொன்னால் மனு முடிந்தது. "இடத்தில் வேலை நிற்கவில்லை, எனக்குத் திருப்தி இல்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ஊரில் பலருக்குப் பாதிப்பு என்றால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். கோடை வேலைக்கு மே 1 கூட்டம் சரியான நேரம். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

7. கோட்டாட்சியரிடம் போங்கள்

பலருக்கும் தெரியாத, ஆனால் செலவே இல்லாத வழி இது. உதகை, குன்னூர், கூடலூர் கோட்டாட்சியர்கள் (ஆர்.டி.ஓ.) நிர்வாக நடுவர்களும்கூட (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்). பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவில், அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-இல், பொதுப் பாதையிலோ மக்கள் பயன்படுத்தும் ஓடையிலோ உள்ள தடையையும் தொல்லையையும் அகற்றச் சொல்லி நிபந்தனை உத்தரவு போடலாம். நில உரிமையாளர் நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டும். உடனடி ஆபத்து இருந்தால் விசாரணை முடியும்வரை இடைக்காலத் தடையும் கேட்கலாம்.

பொறி எங்கே என்றால், இது பொதுத் தொல்லைக்கு மட்டும். உங்கள் தேயிலைக்குள் மண் வந்தது மட்டும் என்றால் "சிவில் விவகாரம்" என்று திருப்பிவிடுவார்கள், அதில் நியாயமும் உண்டு. ஊர் ஓடை, குடிநீர்க் கிணறு, பாதை, சாலை இவற்றில் ஏதாவது பாதிக்கப்பட்டிருந்தால் மனுவை அதில் தொடங்குங்கள். உங்கள் நிலத்தை இரண்டாவதாகச் சொல்லுங்கள்.

8. நீதிமன்றமும் பசுமைத் தீர்ப்பாயமும்

உங்கள் நிலத்துக்கு மட்டும் சேதம் என்றால் சிவில் நீதிமன்றம்தான். இதில் ஒன்றைப் புரிந்துகொண்டு போங்கள். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, மேல் நிலத்தில் விழும் மழைநீர் இயற்கையாகக் கீழே ஓடிவருவதை நீங்கள் தடுக்க முடியாது. அதே சட்டம், பக்கத்து நிலம் இயற்கையாகத் தரும் தாங்குதலும், அதாவது உங்கள் மண் சரியாமல் அது பிடித்து நிற்பதும், உங்கள் உரிமை என்கிறது. அதனால் "தண்ணீர் வருகிறது" என்று வழக்குப் போட்டால் தோற்கலாம். "சரிவை வெட்டி நீரோட்டத்தை மாற்றி, மண்ணோடு என் நிலத்தில் திருப்பிவிட்டார், என் நிலத்தின் தாங்குதலும் போயிற்று" என்பதுதான் வழக்கு. வக்கீலிடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

வழக்கோடு இடைக்காலத் தடை மனுவும், இடத்தைப் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும் மனுவும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். ஆணையர் மழைக்காலத்தில் வந்து பார்ப்பது உங்களுக்கு நல்லது. அவருக்கான கட்டணத்தை நீதிமன்றம் நிர்ணயிக்கும், முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். அரசுத் துறையையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தால் பொதுவாக 2 மாத முன்னறிவிப்பு தேவை. அவசரம் என்றால் அதற்கு விலக்குக் கேட்கலாம், இல்லாவிட்டால் மழைக்காலம் நோட்டீஸிலேயே போய்விடும்.

வக்கீல் செலவுக்குத் தயங்குபவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். நிலம் அம்மா பேரிலோ மனைவி பேரிலோ இருந்தால் வழக்கு அவர்கள் பேரில்தானே வரும், யோசியுங்கள்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஓடை, காடு, பல நிலங்கள் என்று சுற்றுச்சூழல் சேதம் பெரிதாக இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், போதிய காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். இழப்பீட்டுக்கு 5 வருடம். மாவட்ட அலுவலகங்களில் பதிலுக்குக் காத்திருந்தே அந்த 6 மாதத்தைக் கோட்டை விடுபவர்கள் நிறைய. முதல் வெட்டு நடந்த தேதியை நாட்குறிப்பில் எழுதி, 5-ஆம் மாதத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

9. உத்தரவு வந்த பிறகு

உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். அதில் கெடு தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கெடு நிர்ணயிக்கச் சொல்லி உடனே இன்னொரு மனு கொடுங்கள். நோட்டீஸ் போனதும் சிலர் வெட்டிய இடத்தை இரவோடு இரவாக நிரவி, மேலே புல் பத்தை வைத்துவிடுவார்கள். ஆய்வுக்கு வருபவருக்குப் பச்சையாகத் தெரியும். அதற்கு முந்தைய படங்களை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வன்று நேரில் நில்லுங்கள்.

கெடு முடிந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், உத்தரவை மீறியதற்காகப் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 223-இல் நடவடிக்கை உண்டு. ஆனால் அந்தப் புகாரை நீங்கள் நேரடியாக நீதிமன்றத்தில் கொடுக்க முடியாது. உத்தரவு போட்ட அலுவலர்தான் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதனால் கோட்டாட்சியருக்கே ஒரு மனு கொடுத்து இரண்டு விஷயம் கேளுங்கள்: 223-இல் புகார் கொடுப்பது, வேலையை அரசே செய்து முடித்து அந்தச் செலவை நில உரிமையாளரிடம் வசூலிப்பது. இரண்டாவதுக்கும் நிர்வாக நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது. மனுவில் அதையும் எழுதிக் கேட்டால்தான் கோப்பில் ஏறும்.